மஞ்சள் கவர்

என் இடது மார்புக்குக் கீழே தொடங்கி, விலாவைச் சுற்றிக்கொண்டு, முதுகுவரை ஒரு தழும்பு ஓடுகிறது. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போதெல்லாம் டெய்லரம்மா "ஐயோ பாவம்" என்பாள். பாவம் என்ன பாவம்! ஓட்டப்பந்தயத்தில் கப்பு வாங்கிய பிள்ளை அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிற மாதிரி, இந்தத் தழும்பைக் காட்ட முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். காட்ட முடியாததால் எழுதுகிறேன். இன்றைக்கு ஏதாவது ஒரு வார்டில் மூன்று தலையணையில் சாய்ந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறவர்கள் படித்தால் போதும். படித்துவிட்டு யாரும் அழ வேண்டாம், எனக்குப் பிடிக்காது.

என் பெயர் எஸ்தர். பெண்கள் ஹைஸ்கூலில் டிரில் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். வீடு பழங்காநத்தத்தில். வீட்டுக்காரர் சோமசுந்தரம் தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். எங்களுக்கு ஒரே மகள், கிருபா. அப்போது அவள் நான்காம் வகுப்பு. அவளுக்குப் பெயர் வைக்க நாங்கள் ஒரு மாதம் சண்டை போட்டோம், இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற பெயராகப் பார்த்து. ஏனென்றால் அவர் நெற்றியில் திருநீறு இல்லாமல் ஆபீஸ் படியேற மாட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் தவற மாட்டேன்.

எங்களுடையது ரிஜிஸ்டர் கல்யாணம். அப்போது எங்கள் சபைக் கமிட்டியில் ஞானமுத்து வாத்தியார் எழுந்து, "அந்தப் பிள்ளை பேரை சபை ரிஜிஸ்டர்ல இருந்து எடுக்கணும்" என்று பேசினார். எடுக்கவில்லை. ஆனால் பேசியது பேசியதுதானே? அன்றிலிருந்து பதினோரு வருஷம் நான் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். யாரும் என்னை அங்கே உட்காரச் சொல்லவில்லை. என் ரோஷம் உட்கார வைத்தது. ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வெளியே வருவேன். வீட்டுக்காரர் என்னை சைக்கிளில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டு, எதிரே பெருமாள் அண்ணன் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

வியாதி எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எப்போது தெரிந்தது என்று சொல்வேன். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், குடியரசு தினத்துக்கு மார்ச் பாஸ்ட் பழக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். விசிலை வாயில் வைத்து ஊதினேன். சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினேன், காற்றே வரவில்லை. "விசில் கெட்டுப்போச்சு டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பெண். கெட்டது விசில் இல்லை. அதற்கு முன்னாலேயே ஸ்டாஃப் ரூம் படி ஏறினால் இரைக்கும், படுத்தால் இருமும். வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கைக்குட்டையில் துப்பியபோது ரோஸ் நிறத்தில் நுரை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். பிறகு சம்பந்தமில்லாத ஒரு கேள்வி.

"சின்ன வயசுல மூட்டு மூட்டா வீங்கி காய்ச்சல் வந்துச்சாம்மா?"

வந்தது. பதினோரு வயதில். முதலில் தொண்டை வலி, பிறகு முழங்கால், பிறகு கணுக்கால். அம்மா வேப்பெண்ணெய் தேய்த்தாள், சரியாகிவிட்டது. சரியாகவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது என்றார் டாக்டர். அந்தக் காய்ச்சல் மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று அவர்களுக்குள் சொல்வார்களாம்.

எனக்கு அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். இதயத்தின் இடது பக்கத்தில் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை. நடுவில் இரட்டைக் கதவு. அதற்கு மைட்ரல் வால்வு என்று பெயர். எனக்கு அந்தக் கதவு இரண்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, சட்டை பட்டன் ஓட்டை அளவுக்குத்தான் திறக்கிறது. கீழே இறங்க வேண்டிய ரத்தம் இறங்காமல் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. அதனால்தான் இரைப்பு, இருமல், ரோஸ் நுரை.

"மாத்திரைல சரியாகாதா டாக்டர்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒட்டிக்கிட்ட கதவ மாத்திரை திறக்காது சார். விலாவுக்கு நடுவுல நெஞ்சைத் திறந்து, இதயத்துக்குள்ள என் விரலை விட்டு, ஒட்டினதைப் பிரிக்கணும்."

"அப்ப இதயத்த நிறுத்துவீகளா?"

"நிறுத்த மாட்டேன். அது துடிச்சிக்கிட்டே இருக்கும்."

வீட்டுக்காரர் டாக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்துபோனேன், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "விரல நல்லாக் கழுவிக்குங்க டாக்டர்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

வார்டில் எனக்குக் கிடைத்தது ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் பாத்திமாக்கா. தெற்குவாசலில் அவர்கள் வீட்டில் வளையல் வியாபாரம். அதே வியாதி, அதே ஆபரேஷன். மூட்டுக் காய்ச்சல் திரும்ப வந்திருந்ததால், அது அடங்கின பிறகுதான் தேதி என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். வெள்ளை மாவு மாதிரி ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வீங்கின இதயம் உணவுக்குழாயை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அதில் தெரியுமாம். நெஞ்சில் பசை தடவி ஒயர் மாட்டி இசிஜி எடுத்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தள்ளுவண்டியில் கொண்டுபோய், நீளமான தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். மணிக்கணக்காக மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மாணவிகளை வெயிலில் அட்டென்ஷனில் நிற்கவைத்ததெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரும்.

வீட்டுக்காரர் விடியற்காலையில் எழுந்து சோறு வடித்து, கிருபாவுக்கு ஜடை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டு, எனக்குக் கஞ்சி கொண்டுவந்து, ஆபீஸ் போய், சாயங்காலம் மறுபடி வருவார். அவர் பின்னிய ஜடையைப் பார்த்து வார்டே சிரித்தது. ஒன்று காதுக்குப் பின்னால், ஒன்று கழுத்துக்குப் பின்னால். "அப்பா பின்னினா வலிக்காதும்மா" என்று கிருபா அவருக்காகப் பரிந்து பேசினாள்.

இடைஞ்சல் வந்தது ரத்தத்தில். என் ரத்தம் பி நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், அதே வகையில் மூன்று பாட்டில் கையில் இல்லாமல் நெஞ்சைத் திறக்க மாட்டேன் என்று. வீட்டுக்காரருக்குச் சேரவில்லை. என் தம்பிக்கும் சேரவில்லை. வீட்டுக்காரர் ஆபீசில் நான்கு பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஊசியை நினைத்து வராமலே இருந்துவிட்டார்கள். ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று எவனோ கிளப்பிவிட்ட காலம் அது.

முதல் தேதிக்கு எல்லாம் தயார் செய்தார்கள். இரண்டு ஜடை போட்டு, பச்சை கவுன் மாட்டி, பட்டினி போட்டு, வண்டியில் ஏற்றினார்கள். வாசல்வரை போனதும் நர்ஸ் ஓடிவந்து, "இன்னிக்கு இல்லம்மா, ஏற்பாடு செஞ்சிருந்த பாட்டில் வரலை" என்றாள். இரண்டாவது தேதியும் அப்படியே போயிற்று. அதற்குள் எனக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. உட்கார்ந்தபடியேதான் தூக்கம். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் இங்கிலீஷில், இன்னும் பத்துப் பதினைந்து நாள் தாங்கினால் அதிகம் என்றார். டிரில் டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிட்டார் போல.

அன்றைக்கு என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் விசுவாசிகள் எழுதும் சாட்சிகளில் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கண்ணை மூடினேன், வார்த்தை வரவில்லை. அழக்கூட மூச்சு இல்லை. கட்டிலடியில் இருந்த வேதப்புத்தகத்தை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பாத்திமாக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னத்தா, கோவமா அவன்மேல?"

"ஆமாக்கா."

"இருக்கட்டும். நான் எனக்குக் கேக்குற துவாவுல ஒனக்கும் சேத்துக் கேட்டுக்கிறேன். கோவம் தீந்ததும் நீ கேளு."

மறுநாள் சனிக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு ஜெபம் வரலங்க. பதினோரு வருசமா கடைசி பெஞ்சுல ஒக்காந்துட்டு, இப்ப எந்த மொகத்தோட கூப்புட? எனக்காகக் கேக்க அங்க யாரும் இல்ல." ஃபிளாஸ்க்கைக் கழுவி வைத்தார். கிளம்பும்போது மட்டும், "நாளைக்கு ஞாயிறுதானே? நீ போற எடத்துக்கு நான் போயிட்டு வாரேன்" என்றார். கேட்டில் நின்றுவிட்டு வருவார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சர்ச் வாசலில் ஒரு மேஜை உண்டு. அதில் இரண்டு அடுக்கு கவர். ஏதாவது வேண்டிக்கொள்ள வேண்டுமென்றால் வெள்ளைக் கவரில் எழுதி, காணிக்கை வைத்துக் கொடுக்க வேண்டும். வேண்டியது கிடைத்துவிட்டதென்றால் மஞ்சள் கவர். அது ஸ்தோத்திரக் கவர், அதாவது நன்றிக் காணிக்கை. எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் கவர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். மஞ்சள் கவர் கொடுத்தவர்கள் எழுந்து முன்னால் போய் முழங்கால் போட, சபை முழுக்க ஆமென் சொல்லும்.

ஞாயிறு சாயங்காலம் பார்வையாளர் நேரம். வார்டு வாசலில் சலசலப்பு. பார்த்தால் ஐயரம்மா, அதாவது ஐயருடைய சம்சாரம், முன்னால் வருகிறார். பின்னால் பதினேழு பேர். கையில் ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில், ஒருத்தி கையில் ரோஜா மாலைகூட. அவர்களுக்கு நடுவில் ஞானமுத்து வாத்தியார்.

"ஸ்தோத்திரம் எஸ்தரு!" என்றார் ஐயரம்மா, வார்டே திரும்பிப் பார்க்கிற குரலில். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சாமே!"

"யாரு சொன்னா?"

"ஒங்க வீட்டுக்காரர்தான். மஞ்சக் கவர்ல பெறுநர், அனுப்புநர் எல்லாம் போட்டு அம்புட்டு அழகா எழுதியிருந்தாரு. ஐயர் வாசிச்சதும் ஒத்த ஆளா முன்னால வந்து, நெத்தி நெறைய துன்னூறோட, கையத் தலைக்கு மேல தூக்கிக் கும்புட்டுக்கிட்டே முழங்கால் போட்டாரு. சபையே அழுதுச்சு." அதற்குள் என் உதட்டையும் மூன்று தலையணையையும் கவனித்துவிட்டார். குரல் இறங்கியது. "ஏத்தா... ஆகலையா?"

அப்போதுதான் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு மூச்சு வந்ததோ தெரியவில்லை. "கவர்ல என்ன எழுதுறதுன்னு யாரையாச்சும் கேக்கக் கூடாது? உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கேன், எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சபைல போயி எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீகளே! கடவுளக் கேலி பண்ணுறதா இது?" என்று கத்தினேன். இருமல் வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்தபடி என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

பதினேழு பேரும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மாலைக்காரி மாலையை முந்தானைக்குள் மறைத்தாள். ஐயரம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எதுக்குத்தா தள்ளிப் போகுது?" என்று கேட்டார். ரத்தம் இல்லை என்றேன். என்ன ரத்தம், எத்தனை பாட்டில், எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து திரும்பி நின்று அவர்களிடம் சொன்னது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

"காலைல நாம அம்புட்டுப் பேரும் ஆமென் சொன்னோமா இல்லையா? சொன்ன ஆமெனத் திரும்ப வாங்க முடியுமா? முடியாதுல்ல. அப்ப அத மெய்யாக்கணும். சிஸ்டர், ரத்தம் எங்க எடுக்குறாக?"

அவர் நடந்தார். பின்னாலேயே பதினாறு பேர் போனார்கள். ஒருவர் மட்டும் வராண்டாவில் மயக்கம் போட்டு விழுந்ததால் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். பாத்திமாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒம் புருசன் செஞ்ச தப்பு, ஊர்வலமாப் போகுதுத்தா!"

அன்றைக்கு முதலில் பொருந்தியது ஐயரம்மாவுக்கேதான். அவரும் பி நெகட்டிவ். திங்கள், செவ்வாய் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சண்டே ஸ்கூல் டீச்சர்கள், பாடகர் குழு, திருநகரிலிருந்து எனக்கு முகமே தெரியாத ஒரு குடும்பம். செவ்வாய்க்கிழமை ஒரு பஸ் கண்டக்டர் தம்பிக்குப் பொருந்தியது. ஞானமுத்து வாத்தியாருக்குப் பொருந்தவில்லை. வயசும் ஆகிவிட்டது, எடுக்கக்கூடாது என்று சொல்லியும் அவர் விடவில்லை. "திரும்ப ஒருக்கா பாருங்க தம்பி, மிஷின் தப்பாச் சொல்லும்" என்று லேபில் சண்டை போட்டாராம். அதைக் கேட்ட அன்று அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போயிற்று. மீதிப் பாதியை வைத்திருந்து என்ன செய்ய?

மூன்றாவது பாட்டில் சபையிலிருந்து வரவில்லை. புதன்கிழமை காலை டீக்கடைப் பெருமாள் அண்ணன், கைலியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "சர்ச்சுக்காரக பேசிக்கிட்டாக. நம்ம சாரு பதினோரு வருசமா என் கடைல ஒக்காந்து பேப்பர் படிக்கிற மனுசன். எனக்கும் எடுத்துப் பாருங்க" என்றாராம். பி நெகட்டிவ்.

டாக்டர் என்னிடம் வந்து, "மூணு பாட்டில் கேட்டேன், ஒரு ஊரையே கூட்டிட்டு வந்துட்டீங்களேம்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாளைக் காலை ஆபரேஷன் என்று தேதி சொன்னார்.

வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது ஜெபம் பண்ணப் பார்த்தேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை! எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே நன்றி சொல்லியாயிற்று, முந்நூறு பேர் ஆமெனும் போட்டாயிற்று. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன். மயக்க மருந்து கொடுக்கிறவர் எண்ணச் சொன்னபோது, மார்ச் பாஸ்ட் மாதிரி லெஃப்ட், ரைட், லெஃப்ட் என்று எண்ணினேனாம். ரைட்டில் போய்விட்டேன்.

கண் விழித்தபோது விலாவை யாரோ ரம்பத்தால் அறுத்துப் பாதியில் விட்டுவிட்டுப் போன மாதிரி வலி. நெஞ்சிலிருந்து ஒரு குழாய் இறங்கி, கட்டிலடியில் தண்ணீர் பாட்டிலில் கொப்பளித்தது. உள்ளே கசிகிற ரத்தமும் காற்றும் அதன் வழியாக வெளியே போகும். இரும வேண்டும், இருமினால்தான் நுரையீரல் விரியும் என்று நர்ஸ் வந்து நிற்பாள். தலையணையை விலாவில் அழுத்திக்கொண்டு இருமுவேன். உயிர் போய்விட்டு வரும். எத்தனை பிள்ளைகளை "முடியாதுன்னு சொல்லாதே, ஓடு" என்று விரட்டியிருக்கிறேன்! இப்போது என்னையே விரட்டினேன். நான்காம் நாள் நர்ஸ் இரண்டு தலையணையை உருவிவிட்டு ஒற்றைத் தலையணையில் படுக்கவைத்தாள். மல்லாக்கப் படுத்தேன். மூச்சு முட்டவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு நான் கூரையை நேராகப் பார்த்துத் தூங்கினேன். கடவுள் இருக்கிறாரா என்று என்னிடம் இனிமேல் யாரும் வாதத்துக்கு வர வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து சர்ச்சுக்குப் போனேன். சைக்கிள் வேண்டாம் என்று நடந்தே போனோம். கேட் வந்ததும் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் டீக்கடைப் பக்கம் திரும்பினார். பெருமாள் அண்ணன் உள்ளேயிருந்து, "இங்க எடம் இல்ல சார், உள்ள போங்க" என்று விரட்டினார். கிருபா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மேஜையில் அதே இரண்டு அடுக்கு கவர். பாத்திமாக்காவுக்குக் காய்ச்சல் அடங்கி, அடுத்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி குறித்து, ரத்தம் ஏற்பாடு செய்யவும் சொல்லியிருந்தார்கள். அவருக்காக வேண்டிக்கொள்ள நான் வெள்ளைக் கவரை எடுப்பதற்குள், இவர் மஞ்சள் கவரை எடுத்துப் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். தெற்குவாசல் பாத்திமா அம்மாளின் இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஸ்தோத்திரம்.

"என்னங்க! அக்காவுக்கு இன்னும் ஆகவே இல்லையே. போன தடவ தெரியாம தப்பா எழுதுனீக, சரி. மறுபடியுமா?"

"தப்புன்னு யாரு சொன்னா?" என்றார், எழுதுவதை நிறுத்தாமல்.

"பின்னே?"

அவர் பேனாவை மூடினார். "இருபது வருசமா மனு எழுதுறேன் எஸ்தரு. எல்லா மனுவுலயும் கடைசில நன்றின்னு போடுறோம்ல. அவுக குடுத்தப்புறமாப் போடுறோம்? கேக்கும்போதே போடுறோம். கண்ட ஆபீசருக்கெல்லாம் முன்கூட்டியே நன்றி சொல்றோம், ஒங்க சாமிக்குச் சொன்னா என்ன?"

பதினேழு பேருக்கு முன்னால் நான் கத்தியபோதும், அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் குத்திக்காட்டியபோதும், இந்த மனுஷன் இதைச் சொல்லவே இல்லை. பால்குடி நாளிலிருந்து சர்ச்சில் வளர்ந்தவள் நான். எனக்கு வராத விசுவாசம் இவருக்கு எங்கிருந்து வந்தது? இவரைக் கட்டினதற்காகத்தான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று நினைத்தபோது, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த பெஞ்சின்மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை. ஆனால் இனி அங்கே உட்காருவதாக இல்லை.

அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். மஞ்சள் கவரில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் பெயரை எழுதினேன். அதற்கும் கீழே, ஐயர் வாசிக்கும்போது சபையில் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று, கொட்டை எழுத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்.

"ஓ பாசிட்டிவ். மூன்று பாட்டில்."